உன் முதுகுக்குப் பின்னால் இருந்த திரை

மச்சான்,

இன்று காலை உன் அக்கா உன்னுடைய கறுப்புத் தகரப் பெட்டியை வெயிலில் திறந்து வைத்தாள். பூட்ஸ் பாலிஷும் அந்துருண்டையும் கலந்த அந்த வாசனை, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரை போய் மனு கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கும். உன் பட்டாளத்துச் சட்டையை உதறிக்கொண்டே சொன்னாள்: "எவ்ளோ கெட்டிக்காரன்! ஒரே ஒரு போட்டோவால வேலையக் கெடுத்துக்கினான்." நான் வழக்கம்போல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

நீ லீவில் வரும்போதெல்லாம் செங்கம் ரோடு டீக்கடையில் உன் புகழ் பாடுவது நான்தான். "என் மச்சான் ஒரு பட்டனைத் தட்டினா இமயமலையே அட்டென்ஷன்ல நிக்கும்" என்பேன்.

"ஜாஸ்தியா ஊதாதீங்க மாமா" என்பாய். "டிரோன் பாக்கறது, ரேடார் பாக்கறது, மலைமேல காவலுக்கு நிக்கறவன் பாக்கறது, எல்லாம் ஒரே மேப்புல வந்து விழும். அது சரியா வருதான்னு பாக்கறதுதான் என் வேல. நம்ம ஆளு எங்க இருக்கான்னு நமக்குத் தெரியணும், எதிரிக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான்."

பாதியைத்தான் நான் காதில் வாங்கினேன்.

உன் பிறந்தநாளுக்கு அக்காவுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினாய். வாயெல்லாம் கேக். பின்னால் திரையின் ஒரு மூலை. அதில் மலைகள், சில நீலப் புள்ளிகள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை என் போனுக்கு மாற்றி, அவள் இல்லாத தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "பாரத எல்லை முழுவதும் என் மச்சான் விரல் நுனியில்!" மாலைக்குள் கீழ்பென்னாத்தூர் உரக்கடைக்காரர்கூட எனக்கு சல்யூட் அடித்தார்.

நான்காம் நாள் நீ கூப்பிட்டாய். "மாமா, அந்தப் படம் எங்கெங்கயோ சுத்தி எங்க ஆபீசர் கைக்கே வந்துடுச்சி. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் நம்ம பசங்க நிக்கற இடம். கொட்டற பனியில எல்லாரையும் இடம் மாத்தினோம்."

உன் அக்கா காதில் விழாமலிருக்க, போனோடு வாசலுக்கு நகர்ந்தேன்.

"நானே குரூப்ல போட்டேன்னு விசாரணையில எழுதிக் குடுத்துட்டேன். உங்க பேரச் சொன்னா வீட்டுக்கு ஆளு வரும், அக்கா பயந்துடுவா. நீங்களும் சொல்லாதீங்க. தோசைக் கரண்டியாலயே போட்டுடுவா!"

நீ சிரித்தாய். வெட்கங்கெட்டவன், நானும் சிரித்தேன்.

திரை அறையிலிருந்து உன்னை எடுத்து, கம்பளி வழங்கும் ஸ்டோரில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஊர் திரும்பிய அன்று சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்: "படிச்சவன்தானேடா, இன்னா புத்தி உனக்கு?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரு விநாடிதான். "தப்புதான்க்கா, ரசம் ஊத்து" என்றாய். மலையைச் சுற்றி வரும் கூட்டம் மொத்தத்தையும் பேசியே நிறுத்திவிடும் என் வாய், அன்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகை தீபம் முடியட்டும், அவளிடம் சொல்லிவிடலாம் என்று நாள் தள்ளினேன். தீபத்துக்குக் கொடி ஏறுவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. அந்த ஒரு விநாடிப் பார்வை மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அக்கா இன்னும் உன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு முறை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போகிறேன்.

அவள் கையில் தோசைக் கரண்டி இருக்கிறது மச்சான். இதில் மிகை ஒன்றுமில்லை.