ஊட்டுப்புரைப் பலகையில் என் வரி

சட்டைக் கையில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாயிற்று, வாடை மட்டும் போகவில்லை. ஊட்டுப்புரையின் வாசல் கதவில் சாய்ந்துவிட்டேன். பெயிண்ட் காயவில்லை, தொடாதீர்கள் என்று அட்டை தொங்கியது. அதைப் படித்துக்கொண்டேதான் சாய்ந்தேன். காலையில் போய்விட்டு வந்தவன் இன்னும் ஓரிடத்தில் உட்காரவில்லை. "எதுக்கு இப்பிடி கெடந்து நடக்கிய? ஒரு எடத்துல இரிங்க" என்று வீட்டில் இரண்டு தடவை சத்தம் போட்டாயிற்று. உட்கார்ந்தால் எழுதத்தான் வேண்டும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்தாலும் இதை உனக்குத்தான் எழுத முடியும்.

நீ இடிக்கச் சொன்ன அதே ஊட்டுப்புரைதான். இப்போது கலைக்கூடம். ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, அடையாளமே தெரியாத அளவுக்கு ஆக்கிவிட்டார்கள். பெரிய கூடத்தில் பரதம், பின்கட்டில் பறை, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம். ஓவிய வகுப்பை நடத்துகிறவள் உன் மகள் ஷைனி. சிரிக்காதே.

நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டிய காலத்தில் அது கரையான் புற்றும் வௌவாலுமாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் அதன் நிழலில் போய் உட்காருவேன். நீ வெயிலில் நின்றே சாப்பிடுவாய். முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் வற்புறுத்திக் கூப்பிட்டபோதுதான் சொன்னாய். மன்னர் காலத்தில் அது சாப்பாடு போடும் சத்திரம், ஆனால் பிராமணர்களுக்கு மட்டும்தான். அந்த அடுப்புக்கு விறகு சுமந்தது உன் தாத்தா. மதிலுக்கு வெளியே கட்டை இறக்கிவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டு, கண்ணில் படாத தூரத்துக்கு விலகிப் போய்விட வேண்டும். அரிசிக்கு நெல் போனது எங்கள் வயலில் இருந்து.

"உங்க தாத்தா நெல்லு கொண்டு போனாரு, எங்க தாத்தா வெறகு கொண்டு போனாரு. ரெண்டு பேரும் அங்க ஒரு வாய் திங்கல. ஆனா உங்க தாத்தா படி ஏறுனாரு மக்கா. நீ இப்பவும் அங்கதான் போய் இரிக்க" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டே சொன்னாய்.

அதற்குப் பிறகும் நான் என்ன செய்தேன்? கட்டடத்தை இடித்துச் சந்தை கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. இடிக்கட்டும் என்றாய் நீ. நான் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினேன். உனக்குத் தெரியாமல். அந்த உத்தரத்து வேலைப்பாடும் கல்தொட்டியும் போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரே பதற்றம், வெப்ராளம். மனுவில் உத்தரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே சப்பென்று இருந்தது. மரத்துக்காக யார் மனம் இரங்குவார்கள்? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'சாதி மத பேதமின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் அன்னமிட்ட இடம்.' அந்த வரிதான் எடுபட்டது. கட்டடம் பிழைத்தது.

மனுவின் நகலை ஆசிரியர் அறையில் யாரோ உன் கையில் கொடுத்தார்கள். வாசித்தாய். மடித்து என் மேசையில் வைத்தாய். "சரித்திர வாத்தியாருக்குக் கணக்கு வாத்தியார் ஒண்ணு சொல்லித் தரட்டா? 'அனைவரும்'னா எத்தன பேரு? எங்க தாத்தாவக் கூட்டியா, கழிச்சா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நீ என்னோடு பேசாமல் இல்லை. கால அட்டவணை, பரீட்சைத் தாள், மழை, எல்லாம் பேசினாய். ஆனால் 'மக்கா' போய் 'சார்' வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு இரணியல் ஸ்டேஷனில் பார்த்தபோதும் "சார், சுகந்தானா?" என்றாய். நீ என்னை அடித்திருக்கலாம்.

போன வாரம் ஷைனி போன் பண்ணினாள். "மாமா, ஒருக்க வந்து பாருங்க." இன்று காலையில்தான் போனேன். வாசலில் பெரிய பலகை. என் வரி, ஓர் எழுத்துக்கூட மாறாமல், மஞ்சள் எழுத்தில். அதைப் பார்த்துத்தான் கதவில் சாய்ந்தேன்.

உள்ளே என்னால் நிற்க முடியவில்லை. ஆட்டம் நடக்கும் கூடத்தில் இருந்து பின்கட்டுக்கு, அங்கிருந்து கிணற்றடிக்கு, திரும்பவும் கூடத்துக்கு. பிள்ளைகள் தரையில் தாள் விரித்துப் பலகையில் எழுதியிருப்பதைப் படமாக வரைந்துகொண்டிருந்தார்கள். அதுதான் அன்றைய பாடம். பல் விழுந்த ஒரு சிறுமி நீளப் பந்தி வரைந்திருந்தாள். மீன்கூடையோடு ஒருத்தி, பனையேறி ஒருவர், குடை பிடித்த சாமியார், எல்லார் முன்னாலும் இலை. "தாத்தா, நல்லாருக்கா?" என்றாள். "நல்லாருக்கு" என்றேன். இரண்டாவது தடவையும் அதே பொய். வெட்கமாக இருந்தது.

ஷைனியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். "பலகையில இருக்கது பொய்யாக்கும். எழுதினது நான்."

அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "தெரியும் மாமா. அப்பா சொல்லியிருக்காவ" என்றாள்.

"பின்ன ஏன் பலகை வைக்க விட்ட?"

"கமிட்டி பழைய மனுவ எடுத்து எழுதிச்சு. நான் சொல்லியிருப்பேன். அப்பாதான் சாகதுக்கு முன்னாலயே அந்த மனுவப் பத்திப் பேசும்போ, 'அவன் வந்து சொல்லுவான், நீ ஒண்ணும் பேசாத, கேட்டியா'ன்னு சொன்னாவ. அதான் ஒங்களக் கூப்பிட்டேன்."

அவன் என்றாயாமே. சார் என்று சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். யாருக்கு இலை போட்டார்கள், யார் மதிலுக்கு வெளியே நின்றார்கள், நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், எல்லாம் சொன்னேன். பல் விழுந்த சிறுமி தன் படத்தைப் பார்த்தாள். "அப்போ இவங்கள எல்லாம் அழிச்சிரட்டா?" என்று கேட்டாள்.

ஷைனிதான் சொன்னாள்: "அழிக்காண்டாம் மக்ளே. எங்க நின்னாங்களோ அங்க கொண்டு போய் வரை."

சிறுமி புதுத் தாள் எடுத்து மதில் வரைந்தாள். வெளியே விறகுக்கட்டோடு ஒருவரை வரைந்தாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் ஆட்களுக்குக் கீழே பெயர் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பென்சிலை வைத்துக்கொண்டு என்னிடம், "இவங்க பேரு என்ன தாத்தா?" என்றாள்.

நான் ஷைனியைப் பார்த்தேன். "அப்பா எப்பவும் 'எங்க தாத்தா'ன்னுதான் சொல்லுவாவ மாமா. எனக்குத் தெரியாது" என்றாள். வீட்டில் பழைய வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில் குடும்பத்தார் பெயர்களை எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதில் உன் அப்பாவில் இருந்துதான் பெயர்கள் தொடங்குகின்றனவாம்.

மத்தியானமே ஷைனி கமிட்டியிடம் பேசிவிட்டாள்; பலகையை மாற்றச் சம்மதித்துவிட்டார்களாம். புது வாசகத்தையும் நானே எழுதித் தர வேண்டுமாம். உட்கார்ந்தேன், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். மன்னர் பெயர் எனக்குத் தெரியும். உத்தரம் செதுக்கிய ஆசாரியின் ஊர் தெரியும். நெல் கொண்டுபோன என் தாத்தாவின் பெயரை என் பேரனுக்கே வைத்திருக்கிறோம். விறகு கொண்டுவந்தவரிடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. எத்தனையோ மத்தியானம் உன்னோடு சாப்பிட்டிருக்கிறேன் மக்கா. அவர் பெயர் என்ன என்று ஒரு நாளும் நான் உன்னைக் கேட்கவில்லை.