பத்து வருஷத்துக்கு ஒரு ஆயில் கூலர்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், வண்டியும் நலம். நீ நலமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள், அதை உன் கையால் எழுதி நான் படித்தால் இன்னும் கொஞ்சம் நம்புவேன். போன வாரம் அக்கா வந்திருந்தாள், அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது. அக்காவும் நீ நலம் என்றுதான் சொன்னாள், அதுவும் அம்மா சொன்ன அதே வார்த்தைகளில், இருவரும் பேசி வைத்துக்கொண்டது போல. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய், காகிதத்தில் அந்த வேலை நடக்காது. கேட்க வேண்டியது ஒன்றுதான். நீ திரும்பி வருகிறாயா இல்லையா. என் வண்டியில் மூட்டை ஏற்றி அனுப்புகிற சிமெண்ட் டிப்போக்காரர் இன்னொரு வண்டியும் டிரைவரும் சேர்த்துக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், என் மகன் வருகிறான், அந்த இடம் அவனுக்கு என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் மறுபடியும் கேட்பார்.

நீ அனுப்பிய ஆயில் கூலர்தான் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது. மூட்டையோடு மேட்டுச் சாலையில் ஏறினால் இன்ஜின் எண்ணெய் சூடாகித் தண்ணீராய் இளகிவிடுகிறது, மேலே போய் இன்ஜினை அணைக்காமல் நின்றால் ஆயில் பிரஷர் முள் படுத்துவிடுகிறது என்று எப்போதோ சொன்னேன், அதை நினைவில் வைத்து அனுப்பியிருக்கிறாய். பெருமையாகத்தான் இருந்தது. அம்மா தெரு முழுக்கக் காட்டினாள், பக்கத்து வீட்டுக்காரி அதை ஏசி என்று நினைத்துக்கொண்டு எந்த அறையில் மாட்டப்போகிறோம் என்று கேட்டாள். நான் சாமான்களை இரண்டு முறை எண்ணினேன். முன்னால் காற்றுப்படும்படி வைக்கிற கூலர், இரண்டு ஹோஸ் குழாய், அவற்றை இறுக்குகிற கிளிப்புகள், ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற தட்டு, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு உன் துண்டுச் சீட்டைப் படித்தேன், இதைப் போட்டால் இன்ஜின் இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்று எழுதியிருந்தாய். அங்கேதான் பொறி தட்டியது. அந்தக் குளிர் ஊருக்கு வேலைக்குப் போகும்போது நீ என்ன சொன்னாய், இரண்டே வருஷம், வந்ததும் இந்தக் கிழட்டு வண்டியைத் தள்ளிவிட்டுப் பெரியதாக ஒன்று எடுத்து இருவரும் ஓட்டலாம் என்றாய். இப்போது நாலாவது வருஷம். தள்ளிவிடப்போகிற வண்டிக்கு எவன் பத்து வருஷ ஆயுள் வாங்கி அனுப்புவான். என் காதில் பூச்சுற்றாதே தம்பி.

இருந்தாலும் போட்டுவிடலாம் என்று நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், எதைக் கேட்டாலும் இதோ ஆச்சு என்று சொல்லி ஊரெல்லாம் 'இதோ' என்றே பேர் வாங்கியவரிடம்தான். அவர் மேல் எனக்கு எப்போதுமே முழு நம்பிக்கை கிடையாது, தெரியும் உனக்கு. காலையிலிருந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரில்லைக் கழற்றி ரேடியேட்டருக்கு முன்னால் கூலரை நிறுத்தினார், ஃபில்டரைக் கழற்றித் தட்டை வைத்தார், ஹோஸ் சேஸிஸ் விளிம்பில் உரசுகிற இடத்தில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றினார், கடைசியில் எண்ணெய் ஊற்றி அளவுக்கம்பியை எடுத்துக் காட்டினார், மேல் கோடு வரை இருந்தது. வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் காலையில் கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன், தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒழுகவில்லை என்றால் எங்கே போகும், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உருவியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நேரே பட்டறைக்குப் போய் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன், அதுவும் கேட்கக் கூடாத வார்த்தையில்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கீழே ஒரு வாளியை வைத்துக் கூலர் ஹோஸைக் கழற்றினார். எண்ணெய் கொடகொடவென்று கொட்டியது. கூலரும் ஹோஸும் காலியாக இருந்தவை, இன்ஜின் ஓடியதும் அவற்றில் எண்ணெய் ஏறி நிறைந்திருக்கிறது, அதனால்தான் கம்பியில் இறங்கியிருக்கிறது. "ஓட்டிப்போய் நிறுத்திட்டு மறுபடி பாருங்க, குறைஞ்சிருக்கும், ஊத்திக்கங்கன்னு நான் நேத்தே சொன்னேன். நீங்க என் கையைத்தான் பாத்தீங்க, நான் சொன்னதக் கேக்கல" என்றார். நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பு என்னுடையதுதான் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தேன், அம்மாவும் இதை நம்பவில்லை, நீயாவது நம்பு. வியாழக்கிழமை இருபது மூட்டையோடு மேட்டில் ஏறினேன், முள் இறங்கவே இல்லை.

பட்டறையில் அப்படித் தப்புக்கணக்குப் போட்டவன் உன் விஷயத்திலும் தப்பாகத்தான் போட்டிருப்பேன் என்று எனக்கு ஒரு நப்பாசை. பட்டறையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷக் கணக்கை எடுத்துச் சொன்னேன். வழக்கமாக நான் முடிப்பதற்குள் 'உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்' என்று பாய்ந்துவிடுவாள். அன்று அதற்காகவே காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மடித்த துண்டையே பிரித்து இன்னொரு முறை மடித்தாள், எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் ஒரு வார்த்தை விடவில்லை, எப்போதிலிருந்து தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. நீ அங்கேயே இருக்க நினைப்பதற்காக இல்லை, அது உன் வாழ்க்கை, எந்த அப்பனுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்றே வைத்துக்கொள். என்னிடம் நேராகச் சொல்லாமல் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் கோபம். வரப்போவதில்லை என்றால் இல்லை என்று எழுது. டிப்போக்காரருக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, அம்மா எழுதச் சொன்னது.

இன்னொன்று, இதை அம்மாவிடமும் சொல்லவில்லை. பார்சல் மேலிருந்த முகவரி உன் கையெழுத்து இல்லை, உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று இடிக்காமல் இருந்தது. ஹோஸ் கிளிப்புகளைக்கூடத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றியிருந்தது, அதுவும் உன் வேலை இல்லை. யார் என்று கேட்கவில்லை, நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பான கை. உனக்கும் அந்தக் கைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், என் ஆசிகள் இருவருக்கும். பதில் அம்மா பேருக்கு வேண்டாம், என் பேருக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா