கம்பம் வந்துச்சா?

திரையை நேற்று வெயிலில் காயப்போட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்ததுமே அந்துருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். சிவப்பு வெல்வெட், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம், ஒரு மூலையில் நீ பீடியால் சுட்ட ஓட்டை. நம் வட்டாரத்தில் எந்த அடிக்கல் நாட்டு விழாவானாலும் கல்லுக்கு முன்னால் தொங்கியது இந்தத் திரைதான். விழா முடிந்து கார்கள் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் நீ இதைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொள்வாய். "கல்லு அவங்களுது, தெர நம்மளுது" என்பாய்.

நீ போன பிறகு இதை ஒரே ஒரு தடவைதான் வெளியே எடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் மகள் வாணி சம்பந்தப்பட்ட கதை. அதனால் வழக்கம்போலப் பாதியில் எழுந்து போகாதே.

நைனார்பாளையம் கடைத்தெருவில் நம் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. பந்தல் உன்னுடையது, மைக் செட் என்னுடையது, சண்டை இருவருக்கும் பொது. காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போவோம். ஆனால் அரசாங்க விழா என்றால் மட்டும் உன் முகம் மாறிவிடும். பொட்டல் காட்டில் வண்டி நின்றதும் மூங்கிலை இறக்கமாட்டாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் ஒரு நோட்டம் விடுவாய்.

"ஏன்டா ஒயரு, கம்பம் வந்துச்சா?"

கரண்டுக் கம்பத்தைத்தான் கேட்கிறாய். ஒயர் இழுப்பவன் என்பதால் என் பெயரே உனக்கு ஒயர் ஆகிவிட்டது.

"கம்பம் எங்க வந்துச்சு? ஜெனரேட்டர்தான் எறக்கணும்."

"அப்ப குழிய ஆழமா வெட்டாத. ஒரு நாள் கூத்துக்கு இது ஜாஸ்தி. கரண்டே வராத எடத்துல கம்பெனிய இன்னா, சிம்னி வெளக்கு வெச்சிக்கினு ஓட்டுவானுங்களா?"

மேடையில் ஒருவர் இந்த மண்ணின் தலையெழுத்தே மாறப்போகிறது என்று முழங்குவார். என் ஸ்பீக்கர் அதை நாலு ஊருக்குச் சொல்லும். நீ பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்பிடிடா?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நீ குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வாய்.

சந்தேகம் உனக்குப் பிறவிக் குணமா என்ன? சின்னசேலம் போகிற வழியில் ஒரு தொழிற்சாலைக்குக் கல் நட்டார்களே, அன்று எல்லோரையும்விட அதிகமாகத் துள்ளியவன் நீதான். "வாட்ச்மேன் வேல கெடச்சாலும் போதும்டா, மூங்கில் தூக்கித் தூக்கித் தோள்பட்ட வுட்டுப்போச்சு" என்றாய். விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டாய். தலையில் எண்ணெய் வழிய, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, யாரோ மிரட்டி உட்காரவைத்த மாதிரி ஒரு படம். அந்தக் கம்பெனி வரவே இல்லை. கல் மட்டும் நின்றது. ஆடுகள் அதில் முதுகு தேய்த்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான் நீ கம்பத்தைக் கேட்க ஆரம்பித்தாய்.

மார்வலியில் நீ பொசுக்கென்று போன அன்று வீட்டில் வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்தினோம். வராத வேலைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு இன்றைக்கும் சுவரில் இருக்கிறாய். அண்ணியைப் பார்க்க உன் வீட்டுக்குப் போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறேன். பார்க்கத் தெம்பில்லை எனக்கு.

இப்போது ட்ரோன் காலம், தெரியுமா? மக்காச்சோளக் காட்டில் மருந்தடிக்கவே அதுதான் வருகிறது. களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி குனிகிறார்கள். ட்ரோன் சோதிக்கவும், விமானத்துக்கு உதிரிபாகம் செய்யவும் நம் மாநிலத்துக்கு வாருங்கள் என்று கம்பெனிகளை அரசாங்கம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பேப்பரில் படிக்கும்போது சரி, நமக்கென்ன என்று இருந்தேன். திடீரென்று ஒரு நாள் நம் கல்வராயன் மலையடிவாரத்திலும் ஒரு சோதனை மையம் வரப்போகிறது என்றார்கள். பக்கத்திலேயே பட்டறைகளாம். நம் பிள்ளைகளுக்கே வேலையாம். ராக்கெட்டைத் தவிர மற்ற எல்லாமே வரும்போலிருந்தது. அங்கேயெல்லாம் போகிற கம்பெனிக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

அந்த வாரமே வாணி போன் செய்தாள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் இருந்தாள், ஆஸ்டல் வாசம்.

"சித்தப்பா, ட்ரோன் ஓட்டப் பயிற்சி குடுக்கறாங்களாம். முடிச்சா நம்மூரு மையத்துலயே வேலையாம். இத வுட்டுட்டு வந்துடட்டுமா?"

"கையில இருக்கற வேலம்மா அது."

"அம்மா வூட்ல தனியா கெடக்கறாங்க. மயக்கம் போட்டு வுழுந்தத எங்கிட்ட நேத்துதான் சொல்றாங்க. எல்லாக் கல்லுக்கும் மைக் கட்டுனவரு நீங்க. இது வருமா வராதா, சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

பார்த்தாயா, என் தலையில் கட்டிவிட்டாள்! வரும் என்று சொல்லி வராவிட்டால், இருந்த வேலையும் போய்ப் பிள்ளை நடுத்தெருவில் நிற்பாள். வராது என்று சொல்லி வந்துவிட்டால், அண்ணி ஆளில்லாமல் கிடந்ததற்கு நான் காரணமாவேன். "விழாவுக்கு வாம்மா, பாத்துட்டு சொல்றேன்" என்று அப்போதைக்குத் தப்பித்தேன்.

விழா நடந்தது மலையடிவாரத்து மேய்ச்சல் தரையில். வண்டியை விட்டு இறங்கியதும் பார்த்தேன். கம்பம் இல்லை. ஜெனரேட்டரை இறக்கினோம். கல்லைச் செங்கல் சுவரில் பதித்து வைத்திருந்தார்கள். திரையை மாட்டப் போனபோது, விழா நடத்தும் காண்டிராக்டரின் ஆள் ஒருவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். சென்னைப் பையன்.

"அண்ணா, இந்த வாட்டி கயிறு கிடையாது. ட்ரோனே திரையைத் திறக்கப் போகுது."

ஒத்திகை பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண்தான் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ட்ரோனை ஓட்டினாள், நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் அதன் இறக்கை சுற்றுகிற காற்றில் நம் திரை கல்லைச் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. குஞ்சம் இறக்கையில் மாட்டப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பையன் யோசித்துவிட்டு மீன் பிடிக்கிற நைலான் நரம்பு ஒரு கண்டு கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"ட்ரோன் மேல ரிப்பனைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கும். நீங்க கல்லுக்குப் பின்னாடி உக்காந்து இதை இழுத்துடுங்க. ஒரு சேஃப்டிக்குத்தாண்ணா."

"அப்ப ட்ரோன் இன்னா பண்ணும்?"

"பறக்கும்ணா. பறக்கறதை யாரு சந்தேகப்படப் போறாங்க?"

கூட்டத்துக்கு மலையிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். மேடையில் ஒருவர், ஆள் நடமாட்டமே இல்லாத இப்படிப்பட்ட பரந்த வெளி சோதனைக்குக் கிடைப்பது அபூர்வம் என்று பேசினார். என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த மலைக்காரர் ஒருவர் மெதுவாக என்னைக் கேட்டார்.

"ஆளே இல்லாத எடமாமே. அப்ப நாங்க இன்னாங்க?"

அவரே தொடர்ந்தார்.

"இந்த ட்ரோனு எங்க மலைமேல எப்பவும் பறந்துக்கினுதாங்க இருக்குது. போலீசு சாராய ஊறல் தேடறாங்களாம். நான் கடுக்கா பொறுக்கறதயும் பாத்துட்டுதான் போவுது. இனிமே ஜாஸ்தி பறக்கும்போல."

பேச்சு முடிந்தது. நான் கல்லுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். நரம்பை விரலில் சுற்றிக்கொண்டேன். ட்ரோன் ரீங்காரத்தோடு எழுந்து, ரிப்பன் தொங்க, கல்லுக்கு நேர் மேலே நின்றது. எல்லோர் கையிலும் செல்போன் உயர்ந்தது. சுவரின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். முன் வரிசைக்குப் பின்னால் வாணி, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள்.

இழுக்காமல் விட்டுவிட்டால்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. ட்ரோன் அங்கேயே தொங்கட்டும், குட்டு உடையட்டும், பிள்ளை தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகட்டும். நீயாக இருந்தால் ஒரு பீடியைப் பற்றவைத்து வேடிக்கை பார்த்திருப்பாய். நான் நீ இல்லையே. பையன் தூரத்திலிருந்து பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டினான். சே, என்று இழுத்துத் தொலைத்தேன். கைதட்டல் மலையில் போய் மோதியது. நரம்பு விரலை அறுத்துவிட்டிருந்தது.

பிறகு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று மைக்கைக் கூட்டத்தில் கொடுத்தார்கள். வழக்கமாக யாரும் கேட்கமாட்டார்கள், உனக்குத் தெரியும். நான் ஆம்ப்ளிஃபயரிடம் திரும்பிவந்து ஒலியைக் குறைக்கப் போனேன். அப்போதுதான் என் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"சார், கரண்டுக் கம்பம் எப்ப சார் வரும்?"

வாணி! எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. மேடையில் பேசியவர் பதில் சொன்னார்.

"நல்ல கேள்வி. எல்லாம் ப்ராசஸ்ல இருக்கும்மா."

"எந்த மாசம் சார்?"

"சீக்கிரமே."

அந்தக் கேள்வியை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சோறு தின்றுகொண்டே வீட்டிலும் நீ புலம்பியிருக்கிறாய்போல. என் கையால் ஒயர் இழுத்த ஸ்பீக்கரில் உன் கேள்வி, சின்னப் பெண்ணின் குரலில். ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கார்கள் போன பிறகு திரையை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள்.

"வெரல்ல இன்னா சித்தப்பா ரத்தம்?"

மறைக்கப் பிடிக்கவில்லை. நரம்பை எடுத்து நீட்டினேன். "ட்ரோன் ஒண்ணும் தொறக்கல. நான்தான் பின்னாடி குந்திக்கினு இழுத்தேன். தெரையிலயே பொய்யி. கம்பத்துக்குத் தேதி இல்ல. இது வராதும்மா. நீ போய் உன் வேலயப் பாரு."

அவள் அந்த நரம்பை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், உன்னைப்போலவே மூக்கால்.

"நரம்ப இழுத்தது நீங்க. மேல பறந்தது நெஜந்தானே?"

"அது நெஜந்தான்."

"அத ஓட்டுன பொண்ணும் நெஜந்தானே? என் வயசுதான் இருக்கும். இங்க மையம் வரலன்னாலும் கத்துக்கினது என் கையில இருக்குமில்ல?"

"உங்கப்பன் இருந்தா இதுக்கு ஒத்துக்கினு இருக்கமாட்டான்."

"அப்பா கம்பெனி வரும்னு ஒக்காந்துக்கினு இருந்தாரு சித்தப்பா. நான் ஒக்காரப் போறதில்ல. கம்பத்த மட்டும் நீங்க பாத்துக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. உனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டாள். பயிற்சியில் சேர்ந்துவிட்டாள், சென்னைக்குப் பக்கத்தில். விண்ணப்பத்துக்கு எடுத்த படத்தை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினாள். தலையைப் படிய வாரி, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தாள். அடிப்பாவி, ஒரு பொத்தானையாவது விட்டிருக்கக் கூடாதா? செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மழைக்குப் பிறகு அந்தப் பாதையோரம் கம்பங்களைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஆமாம், கம்பம் வந்துவிட்டது. ஆனால் நடவில்லை. மையத்துக்குத்தான் என்கிறார் ஒருவர். இல்லை, யாரோ பெரிய மனிதரின் போர்வெல்லுக்கு என்கிறார் இன்னொருவர். பக்கத்துக் காட்டில் அதற்குள் மஞ்சள் கல் நட்டு மனை பிரித்து, வான்வெளி நகர் என்று போர்டு வைத்துவிட்டார்கள். கம்பம் அவர்களுக்காகவும் இருக்கலாம். யாரைக் கேட்டாலும் பதில் சொல்லும்போது கண் வேறு பக்கம் போகிறது. நான் வாரம் தவறாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாணி போனில் முதலில் கேட்பது அதைத்தான்.

"கம்பம் இன்னா ஆச்சு சித்தப்பா?"

"படுத்துக்கினுதான் இருக்குது."

"எழுந்தா சொல்லுங்க."

இப்போது அதே சென்னைப் பையன் மறுபடி கூப்பிட்டிருக்கிறான். அதே இடம், அதே திரை, நாளைக்கு விழா. "திறப்பு விழாவா தம்பி, இல்ல இன்னொரு கல்லா?" என்று கேட்டேன். "அது இன்னும் கன்ஃபார்ம் ஆகலண்ணா, நீங்க திரையை மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க" என்கிறான். எப்படி இருக்கிறது கதை! அதனால்தான் நேற்று இதை வெயிலில் போட்டேன். உன் பீடி ஓட்டையை இந்த முறையும் தைக்கவில்லை.

என் சந்தேகம் தீரவில்லை. அதை நீ எனக்கு விட்டுப்போன சொத்து மாதிரி சுமந்துகொண்டு திரிகிறேன். ஆனால் உனக்கு அது ஆறுதலாக இருந்தது, எனக்கு இருக்கவில்லை. என் சந்தேகம் தோற்றுப்போக வேண்டும் என்று சாமியைக் கும்பிடுகிறேன். அந்தப் பொத்தான் போட்ட படம் ஒரு கம்பெனி அடையாள அட்டையில் ஏறி அவள் கழுத்தில் தொங்க வேண்டும்.

நாளைக் காலை வண்டி நின்றதும் மூங்கிலை இறக்கமாட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முதலில் கம்பத்தைப் பார்ப்பேன். அது எழுந்து நின்றிருந்தால், விழா முடிந்த கையோடு உன் வீட்டுக்கு வந்து, உன் படத்துக்கு நேராக உட்காருவேன்.