உள்பெட்டியில மணி 6.12

21.10.2013 திங்கள்

காலையிலேர்ந்து தூறல். தகரப் பெட்டிய இறக்கி லேப்டாப்ப எடுத்தேன். துண்டுல சுத்தி வச்சது வச்சபடி இருந்துச்சு. சார்ஜர் வேற பையில.

வேற வழி இல்ல. திண்டிவனத்துலேர்ந்து தனம் அக்கா பஸ்ல வந்து ரெண்டு கட்டப்பை துணி வச்சிட்டுப் போயிட்டாங்க. பதினெட்டு பேரோட ஜாக்கெட். தீபாவளி 2-ம் தேதி. அளவு ஜாக்கெட் எங்கன்னு கேட்டேன்.

"நீதானம்மா இனிமே அளவு ஜாக்கெட் தூக்கிக்கினு வராதீங்கன்ன. என்னுது கிழிஞ்சு கரித்துணி ஆயி ரெண்டு வருஷம் ஆவுது. எல்லாருதும்தான் உன் பொண்ணு ஏத்தி வச்சிருக்கே..."

பொண்ணுன்னதும் நிறுத்திக்கினாங்க. நான் ஊக்கு எண்ணிக்கினு இருந்தேன்.

ஜெனி பண்ணது. லேப்டாப்புக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு. உள்பெட்டின்னு சொல்லுவா. எல்லார் அளவும் அதுக்குள்ள. நான் மெஷின விட்டு எழுந்திரிக்காம ஃபோன்ல 'அளவு'ன்னு இருக்கறதத் தட்டினா வந்துரும். திண்டிவனத்து வீட்ல வந்துச்சு. இங்க விழுப்புரத்துல, தம்பி வீட்ல, வரல. சுத்திக்கினே இருக்கு.

தம்பி லேப்டாப்புக்கு வாசல்ல இருக்கற அவன் ஜெராக்ஸ் கடை வைஃபை போட்டுக் குடுத்தான். நீலப் படம், ரெண்டு தட்டு. உள்பெட்டி திறந்துச்சு. மேல் மூலையில ஏப்ரல் 9. சாயங்காலம் 6.12.

பாத்துக்கினே இருந்தேன். 6.13. 6.14.

பெருக்கல் குறிய அமுக்கி, முதல்ல இருக்கறதத் தேர்ந்தெடுத்து மூடினேன். கரண்ட் போனா அப்படி மூடணும்னு அவ சொல்லிக் குடுத்தது. எங்க விட்டோமோ அங்கயே நிக்கும்.

ஏப்ரல் 9 சாயங்காலம் கரண்ட் போச்சு, அவ மூடினா. மறுநாள் காலையில வேலைக்கு வண்டியில போனா. பைபாஸ்ல லாரி.

அதுக்கப்புறம் யாரும் திறக்கல.

22.10 செவ்வாய்

மழை இல்ல. மூட்டம்.

ரெண்டு பேர் அளவு பாத்தேன், எஸ்தர், தனம் அக்கா. மவுஸ் எனக்கு சரியா வராது, அம்பு எங்கயோ ஓடுது. ரெண்டு பேருக்கு ஏழு நிமிஷம். உ.ம. 6.14 – 6.21. (உ.ம. = உள்பெட்டி மணி. இந்த ஆர்டர் நோட்டுல பின்பக்கம் எழுதி வைக்கறேன், இல்லன்னா மறந்துடும்.)

அன்னிக்கு 6.21க்கு நான் மெழுகுவத்தி தேடிக்கினு இருந்திருப்பேன். 6.30 பால் வாங்கப் போனேன். 7 கரண்ட் வந்துச்சு. 7.15 திட்டினேன். மெஷின் மேல டம்ளர வச்சா, தண்ணி கொட்டி மோட்டார்ல இறங்கிச்சு. இருபத்தோரு வயசுக்கு அறிவு இருக்கான்னு கேட்டேன்.

அதனால 7.15 வரைக்கும்தான் எனக்கு, அந்தத் திட்டு வர்றதுக்கு முன்னாடி மூடிடணும். இன்னும் 54 நிமிஷம் இருக்கு. பதினாறு பேர், ஆளுக்கு மூணரை நிமிஷம்னா 56. பத்தல.

ஃபோன் போட்டு அளவு ஜாக்கெட் அனுப்புங்கன்னு கேக்கலாம். ஏன், ஜெனி ஏத்தினது என்னாச்சுன்னு ஆரம்பிப்பாங்க. பதினாறு தடவ.

மத்தியானம் பழைய சோறு, மல்லாட்டைத் துவையல்.

24.10 வியாழன்

லில்லி (தம்பி பொண்டாட்டி) சுமதி டீச்சரக் கூட்டிக்கினு வந்தா. அடுத்த தெரு. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறாங்க. ஃபோன்ல வந்துட்டா உள்பெட்டியில உக்காந்து தேட வேணாம், சரின்னு விட்டேன்.

டீச்சர் பண்ணது:
ஃபோன் சிம் நெட்டுல இருந்துச்சு. வைஃபைக்கு மாத்தினாங்க. வரல.
'அளவு'க்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்காம், அத லேப்டாப்ல அடிச்சாங்க. வரல.
உள்பெட்டிக்குள்ள அடிச்சாங்க. வந்துச்சு. எல்லாரும் இருக்காங்க.
பிங்னு ஒண்ணு. கூப்பிட்டுப் பாக்கறதாம். கறுப்புத் திரையில நாலு வரி வந்துச்சு. நாலு தடவ கூப்பிட்டு நாலுக்கும் பதில் இல்ல.
ஃபயர்வால். வாட்ச்மேன் மாதிரி. நிறுத்திப் பாத்தாங்க. வரல. திரும்பப் போட்டாங்க.

"உள்ள எல்லாம் நல்லாத்தான்கா இருக்கு. வெளியிலேர்ந்து கூப்பிட்டாத்தான் காதுல விழ மாட்டேங்குது."

லில்லி: "எங்க வீட்டுக்காரருக்கு தங்கச்சியா இருக்கும்."

டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் மூலையில மணியப் பாத்துக்கினு இருந்தேன். 6.43.

"போதும் டீச்சர், மூடிடலாம்."

"இப்பதான உக்காந்தேன்?"

"அடுப்புல வச்சிருக்கேன்."

அடுப்புல ஒண்ணும் இல்ல. லில்லி என்னப் பாத்தா.

உ.ம. 6.21 – 6.43. அளவு ஒண்ணுகூட எடுக்கல.

25.10 வெள்ளி

வாங்க: லைனிங் துணி மெரூன், பச்சை. ஊக்கு 2 அட்டை. கறுப்பு நூல். மெஷின் எண்ணெய்.

கலா ஃபோன், திண்டிவனத்துலேர்ந்து. "அக்கா, தீபாவளிக்குத் தருவியா கிறிஸ்துமஸுக்கா? இப்பவே சொல்லிடு, நைட்டி போட்டுக்கினு கொண்டாடிடறேன்." தரேன்னேன்.

லில்லி: "அண்ணி, டீச்சர அப்படி துரத்துனா அடுத்த தடவ வருவாங்களா?" தம்பி புள்ளைக்கு இருமல், கஷாயம் வச்சிக் குடுத்தேன்.

உள்பெட்டி திறக்கல.

27.10 ஞாயிறு

பூசையில சாமியார் தீபாவளியும் கல்லறைத் திருநாளும் இந்த வருஷம் ஒரே நாள்ல வருதுன்னு சொன்னாரு. என் மனசுல மிச்சம் பதினாறு பேர் ஜாக்கெட்டும் எந்த அளவுன்னு ஓடிக்கினு இருந்துச்சு.

டீச்சர் வந்தாங்க. கோவம் இல்ல. வரும்போதே, "இன்னிக்கு அடுப்புல ஒண்ணும் வைக்காதக்கா" ன்னாங்க.

பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாங்க. எனக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. வைஃபைல இருக்கற எல்லாத்துக்கும் கதவு நம்பர் மாதிரி ஒரு நம்பர். தம்பி வீட்ல எல்லாம் 192.168.0ன்னு ஆரம்பிக்குது. உள்பெட்டியோடது மட்டும் 192.168.1.

"இது இன்னும் திண்டிவனத்து வீட்டு நம்பரையே வச்சிக்கினு இருக்குக்கா. நீங்க வீடு காலி பண்ணிக்கினு வந்ததே இதுக்குத் தெரியாது. நம்பர நிலையா போட்டிருக்காங்க, தானா மாறாது. யாரு போட்டது?"

ஜெனி. நம்பர் மாறிக்கினே இருந்தா அம்மாவுக்கு அடிக்க வராதுன்னு, எனக்காக ஒரே நம்பரா போட்டா. டீச்சர்கிட்ட ஜெனின்னு மட்டும் சொன்னேன்.

மாத்தப் போனா பாஸ்வேர்டு கேட்டுச்சு. அவ பேரு, பொறந்த நாள், வண்டி நம்பர், என் பேரு. எதுவும் இல்ல.

"விடுக்கா. அது மாறலன்னா வீட்ட மாத்திடலாம். உங்க தம்பி மோடத்துல போய் இந்த வீட்டு நம்பரையே திண்டிவனத்து நம்பர் ஆக்கிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும், உங்க ஃபோன்ல எதுவும் மாத்த வேணாம். இதோ தேதிகூட தப்பா நிக்குது பாருங்க, ஏப்ரல்னு. நெட்டு கிடைச்சா அதுவும் தானா சரியாயிடும்."

"மணியும் மாறுமா?"

"மாறும்கா. இன்னிக்கு மணி வந்துரும்."

"அப்ப வேணாம் டீச்சர்."

"எது வேணாம்?"

இருக்கட்டும்னேன். அவங்க மூடப் போனாங்க. பின்னாடி இன்னொரு பக்கம் திறந்திருந்துச்சு.

"இது யாரு, 'அம்மா'ன்னு பாதியில நிக்குது? சேவ் பண்ணல. மூடிடட்டா?"

தொடாதீங்கன்னேன். சத்தமா சொல்லிட்டேன் போல. கடையிலேர்ந்து தம்பி எட்டிப் பாத்தான்.

பேர் அம்மா. உயரம் 14½. மார்பு 38. இடுப்பு 34. தோள் 14½. கைச்சுத்து காலி.

மறந்தே போயிருந்தேன். அன்னிக்கு டேப்ப எடுத்துக்கினு வந்து, "ஊருக்கெல்லாம் அளவு இருக்கு, உனக்குத்தான் இல்ல, நில்லும்மா" ன்னா. ஒண்ணு ஒண்ணா எடுத்து எடுத்து அடிச்சா. கையில டேப்ப சுத்தும்போது கரண்ட் போச்சு. இருட்டுல நம்பர் தெரியல. மீதி நாளைக்குன்னா.

உ.ம. 6.43 – 7.01.

28.10 திங்கள்

மழை. வாசல்ல தண்ணி நிக்குது.

இன்னும் ரெண்டு பேர் பாத்தேன். உ.ம. 7.01 – 7.08. ஏழு நிமிஷம் மிச்சம். பதினாலு பேர் மிச்சம்.

கலாது குத்துமதிப்பா வெட்டினேன். பாத்துப் பாத்து எடுத்த பட்டு. எத்தன வருஷமா தைக்கறேன், கலா உடம்பு தெரியாதான்னு நெனச்சேன். கை ஒரு இஞ்ச் பத்தல. ஓரத்துத் துணியில ஒட்டுப் போட்டேன். தெரியுது.

லில்லி பாத்துட்டு, "அண்ணி நீங்களா இப்படி" ன்னா.

29.10 செவ்வாய்

தம்பிகிட்ட சொன்னேன். மத்தியானம் கடையில ஆள் இல்ல, ஜெராக்ஸ் பேப்பர் அடுக்கிக்கினு இருந்தான். உள்பெட்டியில இன்னும் ஏப்ரல் 9 ஓடுது, 7.08 ஆவுதுன்னேன். 7.15க்கு அவள திட்டினதையும் சொன்னேன். யார்கிட்டயும் சொன்னது இல்ல.

இன்னும் ஒரு கட்டு அடுக்கினான். அப்புறம் கேட்டான்.

"திட்டினதுக்கு அப்புறம் சாப்பிட்டீங்கதான?"

"சாப்பிட்டோம்."

"என்னா?"

"கேப்பை அடை."

"அவ எத்தினி தின்னா?"

"நாலு."

"கோவத்துல இருக்கறவ நாலு தின்ன மாட்டாக்கா. அதுவும் நீ சுட்ட அடை."

யோசிச்சுப் பாத்தேன். நாலுதான். நாலாவது என் தட்டுலேர்ந்து எடுத்தது.

வீட்டு நம்பர மாத்தினா அவன் கடை பிரிண்டரும் நின்னுடுமாம், திரும்ப எல்லாத்தையும் பண்ணணும். "ரெண்டு நாள் பேஜாருதான். பண்ணட்டும். டீச்சர வரச் சொல்லு."

30.10 புதன்

நல்ல மழை. டீச்சர் நாலு மணிக்கு வர்றேன்னாங்க. நான் 3.50க்கே திறந்துட்டேன். உ.ம. 7.08. மூடாம விட்டுட்டு பக்கத்துல உக்காந்து ஊக்கு கட்டினேன்.

7.14. 7.15. 7.16. அது பாட்டுக்கு ஓடுது. ரெண்டு ஊக்கு மாத்திக் கட்டிட்டேன், பிரிச்சேன்.

லில்லியக் கூப்பிட்டு டேப்ப குடுத்தேன். கைச்சுத்து எடுன்னேன்.

"யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான்."

"பதினொண்ணு. எளச்சிட்டீங்க."

ஏப்ரல்ல எடுத்திருந்தா பன்னெண்டு வந்திருக்கும். மார்பு, இடுப்பு எதுவும் இப்ப அந்த அளவு இல்ல. அவ அடிச்சது அப்படியே இருக்கட்டும். காலியா இருந்த இடத்துல 11 அடிச்சேன். சேவ். உ.ம. 7.29.

டீச்சர் நனைஞ்சுக்கினு வந்தாங்க. தம்பி கடை ஷட்டர பாதி இறக்கினான். மோடத்துல விளக்கெல்லாம் அணைஞ்சு ஒண்ணொண்ணா வந்துச்சு. கறுப்புத் திரையில கூப்பிட்டாங்க. நாலு வரி. நாலுக்கும் பதில்.

மூலையப் பாத்தேன், 7.41. டீச்சர் துண்டு கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பினேன், 4.25. அக்டோபர் 30. மாறும்போது பாக்கல.

ஃபோன்ல 'அளவு' தட்டினேன். வந்துச்சு. கடைசியா ஏத்தினவங்க மேல வருவாங்க. அம்மா. கீழ எஸ்தர், கலா, மத்தவங்க.

டீச்சர்: "என்னக்கா, வந்துச்சா?"

"வந்துச்சு."

31.10 வியாழன்

பதிமூணு வெட்டினேன். கலாது பிரிச்சு கை மாத்தி வச்சேன், இப்ப ஒட்டு அக்குளுக்குள்ள போயிடுச்சு. லில்லி ஊக்கும் காஜாவும். தம்பி பிரிண்டர் வேலை செய்யல, வர்றவங்கள திருப்பி அனுப்பிக்கினு இருக்கான். ஒரு ஆளு, "தீபாவளிக்கு லீவா?" ன்னு கேட்டாரு. "ஆமா, பிரிண்டருக்கு மட்டும்" ன்னான்.

1.11 வெள்ளி

தனம் அக்கா வந்து வாங்கிக்கினு போனாங்க. பதினெட்டும். கலாது ஒட்ட மட்டும் காட்டினேன். ஜல்தியா போயிட்டாங்க, பஸ்ஸுக்கு.

2.11 சனி

விடியறதுக்கு முன்னாடியே வெடி. தீபாவளி. திண்டிவனம் போனேன், கல்லறைத் திருநாள். பஸ் காலி. ஜெனிக்கு பூ, மெழுகுவத்தி ஒரு பாக்கெட். காத்துல நிக்கல, நாலு தடவ ஏத்தினேன். சாமியார் மந்திரிச்சிக்கினே போனாரு.

அங்க நின்னு ஃபோன்ல 'அளவு' தட்டினேன். சுத்திக்கினே இருந்துச்சு. வீட்டு வைஃபைல மட்டும்தான் வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் தட்டினேன்.

வரும்போது பஸ் ஸ்டாண்டுல கலா. போட்டுக்கினு வந்திருந்தா. கையத் தூக்கி, "ஒட்டு எங்கன்னு கண்டுபிடி பாக்கலாம்" ன்னா. தனம் அக்கா சொல்லியிருப்பாங்க.

வீட்டு வாசல்ல செருப்பு கழட்டும்போது ஃபோன்ல சுத்திக்கினு இருந்தது தானா திறந்துச்சு. மேல அம்மா.

ஆர்டர்: அம்மா. 14½, 38, 34, 14½, கை 11. துணி இன்னும் எடுக்கல.