சிங்கத்தின் மேல் ஏறிய சிறகு

சம்பந்தி,

போன செவ்வாய்க்கிழமை பெருந்துறையில் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் பழைய ஆயிலை வடித்துவிட்டு, பக்கத்திலிருந்த சாக்குக்குள் கையை விட்டு ஒரு பனியன் வேஸ்ட் துணியை இழுத்தார். கையைத் துடைத்தார், சைலன்சரைத் துடைத்தார், பிறகு அதைக் கீழே போட்டு, தரையில் சிந்தியிருந்ததைக் காலாலேயே தேய்த்தார். அவர் காலை எடுத்தபோது துணியில் ஒரு சிறகு தெரிந்தது. குனிந்து எடுத்து விரித்தேன். விமானப்படைச் சின்னம். அது எங்கள் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் அடித்தது. பறவையின் சிறகு மேலே நழுவி, சிங்கத் தலைகள் மேல் ஏறிக் கிடந்தது. அந்தத் தப்பு எங்களுடையதேதான்.

"அதைக் கீழ போடுங்க மேடம், கையெல்லாம் ஆயிலாவுது பாருங்க" என்றார் மெக்கானிக். நான் போடவில்லை.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அந்தத் துணி சாம்பலாகி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். எரித்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னவள் நான்.

ஓய்வுபெற்ற உங்கள் விமானப்படைக்காரர்கள் கூடும் நாளுக்கு நாற்பது பனியன் வேண்டும் என்று எங்கள் பிரிண்டிங் யூனிட்டுக்கு வந்தீர்கள். காப்பி வருவதற்குள், சின்னம் அடிக்க வாங்கிய அனுமதிக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையோடு மேசையில் வைத்துவிட்டீர்கள். "நாப்பது பனியனுக்கு இத்தனை காயிதமுங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

"பனியனுக்கு வேண்டாமுங்க. அதும்மேல வர்றதுக்கு வேணும்."

உங்களை எனக்குத் தெரியாதா என்ன? உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது, மூலையில் அந்தச் சின்னம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று உங்கள் தம்பி சொன்னார். "கல்யாணம் நம்ம ஊட்டு விசேஷம். இது நம்ம ஊட்டுச் சொத்தில்ல" என்று முடித்துவிட்டீர்கள். ஓய்வுபெற்ற பிறகு உங்கள் வண்டியில்கூட அதை ஒட்டவில்லை. இவ்வளவு கறாரான மனுஷர் வீட்டில் என் பெண் எப்படிக் குப்பை கொட்டப்போகிறாள் என்று அன்றைக்கு எனக்குள் புகைந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடித்த நாற்பதிலும் பறவைக்கான ஸ்கிரீன் நகர்ந்துவிட்டது. நீங்கள் பார்த்துவிட்டுத் திட்டவில்லை, சிரித்தீர்கள். "மேல இருக்கற சிங்கம் நாடுங்க. நடுவுல பறக்கறது நாங்க. சிங்கத்துக்குக் கீழதான் நாங்க பறக்கோணும். உங்க மிஷின் எங்களைத் தலைமேல ஏத்தியுட்டிருச்சே!" வேறு நாற்பது அடித்துத் தருவதாகச் சொன்னேன். "அது செரிங்க. இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்றீர்கள்.

"வேஸ்ட்காரருக்குப் போட்டுருவோமுங்க."

உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏனுங்க சம்பந்தி, எங்கூட இருந்தவன் ஒருத்தன் உசுரோட ஊடு திரும்பல. அவனுக்கு வெச்ச மலர்வளையத்துல இதுதான் இருந்துச்சு. இதுல ஒருத்தரு கை தொடைக்கப்படாதுங்க. எரிச்சுப்போடுங்க. நீங்களே நின்னு எரிச்சுப்போடுங்க."

சரியென்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே ஒரு சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த வாரக் கடைசியில் நீங்கள் போன் செய்து, "எரிச்சாச்சுங்களா?" என்று கேட்டதும், "என் கையாலயே எரிச்சுப்போட்டேனுங்க" என்றேன். சின்னப் பொய்தானே என்று நினைத்தேன். உங்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதை எல்லோரிடமும் சொன்னீர்கள். கை தட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் எழுந்து கும்பிட்டேன்.

வொர்க்‌ஷாப்பிலிருந்து அந்தச் சாக்கை அப்படியே வாங்கிக்கொண்டு யூனிட்டுக்கு வந்தேன். சூப்பர்வைசர் துணியைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு மழைங்க மேடம். அப்பறம் எரிக்கலாம்னு கோடவுன்ல மூட்டை கட்டிப் போட்டேனுங்க, மறந்தே போச்சு. போன மாசம் கோடவுனைக் காலி பண்றப்ப வேஸ்ட்காரரு சேத்து அள்ளிட்டுப் போயிட்டாராட்ட இருக்குதுங்க." அவரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது? சாக்கைக் கொட்டித் தேடினோம். ஏழு பனியன் கிடைத்தது.

மறுநாள் துடியலூருக்குப் போய் உங்கள் வீட்டம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுங்களுக்குத் தெரியுமுங்க அக்கா."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க போன்ல சொன்ன மறுநாளே அந்தப் பக்கம் வந்தவரு உங்க யூனிட்டுக்குள்ள போயிருக்காரு. நீங்க இல்ல. கோடவுன்ல மூட்டையைப் பாத்துட்டு வந்துட்டாரு. கையோட எடுத்துட்டு வந்து நீங்களே எரிச்சிருக்கலாமுல்லன்னு நான் கேட்டேனுங்க. 'பொண்ணு குடுத்தவங்க. பொய் சொல்லிப்போட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா காட்டச் சொல்றியா? கூட்டத்துல அவங்க பேரைச் சொல்றேன், அதுக்காச்சும் போயி எரிச்சுருவாங்க'ன்னாரு."

நான் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை எங்கள் யூனிட்டுக்கு வந்தீர்கள்! ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னத்துக்காகத் தம்பியிடம்கூட விட்டுக்கொடுக்காத மனுஷர், என் முகம் சுருங்கக் கூடாது என்று என்னிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, நான் எரிப்பேன் என்று காத்திருந்திருக்கிறீர்கள். திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். உங்கள்மேல் கோபம்கூட வருகிறது, சம்பந்தி.

ஏழையும் இன்று காலையில் எரித்தேன். நானே நின்று, என் கையால். இந்த முறை பொய் இல்லை. மீதி முப்பத்து மூன்றும் யார் கையில், யார் காலடியில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.