பையை யார் மாற்றுவது

தாராவி, பம்பாய்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள பிரேமலதா அக்காவுக்கு தங்கச்சி பூமாரி எழுதுறது.

நீங்க எல்லாரும் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்ததா உன் மகன் மாரிக்கண்ணன் போன் பண்ணினான். நான் ரெண்டு வார்த்தையோட வச்சிட்டேன்னு வருத்தப்படாதே. இங்க சுவர்னு நிக்கிறது தகரம். நான் பேசினா அந்தப் பக்கம் உலை வைக்கிறவளுக்கும் கேக்கும். அதான் எழுதுறேன். நாலாங்கிளாஸ் எழுத்து, கோணலாத்தான் இருக்கும். வேற யார்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லாதே.

எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பதினாறாம் நாள் கும்பிட்டு எல்லாரும் கிளம்பின பிறகு இந்த வீடு ரொம்பப் பெருசா இருக்கு. பாய் விரிச்சா முடிஞ்சு போற வீடு, அதுவே பெருசா இருக்கு. ரயிலடியில நீ, “இனி தனியாக் கிடந்து என்னட்டி செய்யப் போற, நம்ம வீட்டுக்கு வந்துரு”ன்னு சொன்னே. வரத்தான் ஆசை. வர்றதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

பெருங்குடல்ல கட்டின்னு ஆபரேசன் பண்ணி, கீழ் வழியைத் தைச்சு மூடி, வயித்துல ஓட்டை போட்டு விட்டது உனக்குத் தெரியும். அதுமேல பை ஒட்டியிருக்கும், மலம் அதுலதான் இறங்கும். உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. ரெண்டு வருசமா அந்த இடத்தை நான் கண்ணால பார்த்ததே கிடையாது. எல்லாம் அவுகதான். நான் படுத்துக்கிட்டு தகரக் கூரையைப் பார்ப்பேன். அவுக பையைப் பிரிச்சு, துடைச்சு, புதுசுல அளவா வட்டம் வெட்டி ஒட்டிவிடுவாக. பட்டறையில லெதர் பைக்கு அடிப்பாகம் வெட்டுற கை, பிசிறு இருக்காது. நடுவுல நிறைஞ்சா கிளிப்பைக் கழட்டி டப்பாவுல பிதுக்கி, பொதுக் கக்கூஸுக்கு, இங்க சண்டாஸும்பாங்க, எடுத்துட்டுப் போய்க் கொட்டுறதும் அவுகதான்.

பட்டறையிலயே நெஞ்சைப் பிடிச்சு விழுந்தவுக அப்படியே போயிட்டாக. அழுது முடிச்சு எழுந்திரிச்சா பை ஊறி ஒழுகுது. வீட்டு மூலையில தண்ணி புழங்குற மோரியில உக்காந்து நானே பிரிச்சேன். சீ. சிவப்பா, ஈரமா, அறுத்த கோழியோட குடல் மாதிரி, தானா அசையுது. நான் பார்க்கப் பார்க்க அது பாட்டுக்குக் கக்குது. எனக்கு வாந்தி வந்து அதுமேலேயே எடுத்துட்டேன். என் உடம்பைப் பார்த்து எனக்கே இப்படின்னா நான் யாரைக் குத்தம் சொல்ல? அன்னையில இருந்து அதைப் பார்க்காமலே கோணல்மாணலா ஒட்டி ஓட்டுறேன்.

கேக்குறது இதுதான். நான் அங்க வந்தா, அவுக செஞ்ச மாதிரி நீ எனக்கு மாத்தி விடுவியா?

உன் பதிலைப் பார்த்துத்தான் கிளம்பணும்.

உன் பூமாரி


சங்கரன்கோவில்
14 பிப்ரவரி 2024

பிரியமுள்ள தங்கச்சி பூமாரிக்கு அக்கா எழுதியது.

உன் காகிதத்தைப் படிச்சு ஒரே அழுகை. இசக்கிப்பாண்டி மாதிரி ஒரு புருசன் யாருக்கு அமையும்? நீ கவலைப்படாம புறப்பட்டு வா. மாரிக்கண்ணன் டிக்கெட் போட்டு உன் போனுக்கு அனுப்புவான். உனக்குன்னு பின்னால ஆட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை கட்டிக்கிட்டிருக்கான். தனிக் குழாய், தனிக் கக்கூஸ். காத்தோட்டமா இருக்கும்.

மருமகளுக்கு மசக்கை. தாளிச்ச வாசம் பட்டாலே ஓடுதா. அதனால நீ வந்த புதுசுல கொஞ்சம் பார்த்து இருந்துக்கிடணும். ஊர்ல யாரும் கேட்டா வயித்துப் புண்ணுன்னு சொல்லிக்கிடலாம், பையெல்லாம் சொல்ல வேண்டாம்.

ரெண்டு நாள் ரயில். சோறு தின்னாத்தானே வெளிய போகும்? முன்னாடியே சாப்பாட்டைக் குறைச்சுட்டு வெறும் டீயோட வா, ஒண்ணும் வராது.

நீ கேட்டதுக்கு, எல்லாம் கோயில்ல இருக்கிற அந்தக் கோமதியம்மா பார்த்துக்கிடுவா.

உன் அக்கா பிரேமலதா


தாராவி
3 மார்ச் 2024

அக்காவுக்கு,

நான் ரயில் ஏறலைன்னு மாரிக்கண்ணன் கோவமாப் பேசினான். ஏன்னு அவன்கிட்ட சொல்ல முடியலை, உனக்குச் சொல்றேன்.

நீ சொன்னபடி சோத்தை நிறுத்திட்டு டீயாக் குடிச்சேன். மலம் குறைஞ்சுது, காத்து நிறைஞ்சுது. பை பொரிச்ச பூரி மாதிரி உப்பி சேலைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்குது. காலையில சண்டாஸ் வரிசையில நிக்கும்போது ஓரம் பிட்டுக்கிட்டுது. முன்னால நின்னவ மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி, “யாருடி அது, இங்கேயே போயிட்டாளா?”ன்னா. வரிசையே சிரிச்சுது. கால் வழியா இறங்கினதோட வீட்டுக்கு வந்தேன்.

இது ரயில்ல நடந்தா? பரண்ல அவுகளோட சொல்யூஷன் டின் இருந்துது, லெதர் ஒட்டுற பசை. ஒட்டினா செத்தாலும் விடாது. அதைப் பையோட ஒட்டுற தட்டுலயும் தடவி, வயித்துலயும் தடவி, அவுக காயவிடுற மாதிரியே காயவிட்டு அமுக்கினேன். சிரிக்காதே. இந்தப் பட்டறை வீட்டுல வாழ்ந்தவளுக்கு வேற என்ன தோணும்? கொஞ்ச நேரத்துல நெருப்பள்ளிக் கட்டின மாதிரி இருந்துது. பிய்ச்சேன், தோலும் சேர்ந்து வந்துது.

ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு சிஸ்டர் இருக்காங்க, சுப்புலக்ஷ்மின்னு பேர், இங்க மாட்டுங்காவுல இருக்கிற தமிழ்க்காரங்க. பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. “என்னம்மா பண்ணி வச்சிருக்கே? இது வயிறா, உங்க ஆத்துக்காரர் தைக்கற பர்ஸா?”

“அவுக இல்ல சிஸ்டர், போயிட்டாக.”

அதுக்கப்புறம் திட்டலை. மருந்து போட்டாங்க. ஒரு கண்ணாடியை மடியில வச்சு, “பாரு”ன்னாங்க. மாட்டேன்னேன். “நீ பார்க்காட்டா நான் பையைக் கையில தரமாட்டேன்”னாங்க. சரியான பிடிவாதக்காரி. பார்த்தேன். “உதட்டை உள்பக்கம் மடிச்சுப் பாரு, அதே ஈரம், அதே சிவப்பு. இது புண்ணு இல்ல, குடலோட நுனி. தொடு, வலிக்காது.” விரல் வச்சேன். வலிக்கலை. ஆனா அருவருப்பு போகலை அக்கா, பொய் சொல்லமாட்டேன்.

வயிறு காலியா இருந்தா காத்துதான் உருளும், வேளைக்குச் சாப்பிடணும்னாங்க. பை மூணுல ஒரு பங்கு நிறையும்போதே காலி பண்ணணுமாம். அரிப்பு எடுத்தா ஒழுகுறதுக்கு முன்னால மாத்திடணுமாம். சோப்பு வேண்டாம், வெறும் தண்ணியில துடைச்சு நல்லாக் காயவிட்டு ஒட்டணும். அங்கேயே என்னை வெட்ட வச்சாங்க. நான் வெட்டின வட்டம் முட்டை மாதிரி நீண்டுபோச்சு.

நான் கேட்டதுக்கு நீ கோமதியம்மா பேரைச் சொல்லியிருந்தே. அவ இறங்கி வந்து பை மாத்தமாட்டா. நீ மாத்துவியா மாட்டியா, அதை மட்டும் எழுது.

பூமாரி


சங்கரன்கோவில்
16 மார்ச் 2024

பூமாரிக்கு,

இவ்வளவு கறாராக் கேக்கிறே. சரி, எழுதுதேன். என்னால ஆகாது. உன் காகிதத்தைப் படிச்ச அன்னைக்கே எனக்குச் சோறு இறங்கலை. பிறவியிலேயே நான் அப்படி, உனக்குத் தெரியாதா?

அதுக்காக உன்னை விட்டுருவேனா? மாத்துறதுக்கு ஒரு பொம்பளையைப் பேசி வைக்கலாம். நீ பின்னால இருந்துக்க. தட்டு, டம்ளர் தனியா எடுத்து வச்சிருக்கேன். அடுப்படிக்கு மட்டும் வராதே, மருமகள் முகம் சுளிப்பா. வளைகாப்பு அன்னைக்கு முன்பக்கம் வரவேண்டாம். நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, நீயே புரிஞ்சு நடந்துக்கிடுவே.

கூடப் பிறந்தவங்கிற உரிமையில சொல்லுதேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதே.

அக்கா


தாராவி
7 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

உன் காகிதம் வந்து நாளாச்சு. முதல்ல கோவம், பிறகு அழுகை. இப்ப ரெண்டும் இல்ல.

ஆகாதுன்னு எழுதினே பாரு, அந்த ஒரு வரிதான் உன் காகிதத்துலயே நல்ல வரி. நீ ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு நான் ஊத்தின ரசத்தை மோரியில சாய்ச்சுட்டு, குடிச்ச மாதிரி வாயைத் துடைச்சியே, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு இது எவ்வளவோ மேல்.

உன் மருமகளுக்குப் பிள்ளை பிறக்கும். அதோட பீத்துணியை நீ முந்திக்கிட்டு அலசுவே, மூக்கைப் பொத்தமாட்டே. அதுவும் இதுவும் ஒரே பண்டம்தான். சின்ன வயித்துல இருந்து வந்தா மணக்குது, என் வயித்துல இருந்து வந்தா தனித் தட்டு வருது. சவம், இதைப் படிக்கும்போதும் உனக்குக் குமட்டும். குமட்டட்டும்.

இன்னொரு விசயம். பட்டறையில அவுக பொருளெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்கன்னு போனேன். கூட வேலை பார்த்த அப்துல் வாஹித் பாய் ஒரு துண்டைக் கையில குடுத்தார். “இது பாண்டி அண்ணன் முகம் துடைக்கிறது”ன்னார். வீட்டுல துண்டு இல்லையா, இங்க எதுக்குன்னு கேட்டேன். அவர் சொன்னார், “உங்களுக்குப் பை மாத்துற நாள்லாம் அண்ணன் நேரா இங்கதான் ஓடி வருவார் அண்ணி. அந்தக் குழாயடியில குனிஞ்சு வாந்தி எடுப்பார். முகத்தைக் கழுவித் துடைச்சுட்டு, வீட்டுல அவ சோறு போட்டு வச்சிருக்கான்னு கிளம்பிடுவார். அவகிட்ட சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தார்.”

ரெண்டு வருசம் அக்கா. பீடிக்குப் போறாகன்னு நினைச்சேன். திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்து, என் கையால போட்ட சோத்தைத் தின்னுட்டு, குழம்புல இன்னும் கொஞ்சம் புளி விடலாம்பாக. உனக்கு இருக்கிற அதே அருவருப்பு அவுகளுக்கும் இருந்திருக்கு. அவுக வெளிய போய்க் கக்கிட்டுத் திரும்பி உள்ள வந்தாக.

அதனால உனக்கு அருவருப்பா இருக்கேன்னு நான் உன்னை வெறுக்கலை. நான் வரவும் மாட்டேன். எனக்குச் சோறு அடுப்படியில வேணும்.

பையை நானே மாத்துறேன். இன்னைக்கும் குமட்டிக்கிட்டுத்தான் மாத்துறேன். மூக்குல கொஞ்சம் தைலம் தடவிக்கிட்டு, அவுகளைத் திட்டிக்கிட்டு, இப்படி விட்டுட்டுப் போயிட்டீகளேன்னு ஏசிக்கிட்டு மாத்துறேன். வட்டம் இப்ப ஓரளவு வட்டமா வருது. பட்டறைக்காரர் லெதர் பைக்கு உள்துணி தைக்கிற வேலை வீட்டுக்குக் குடுத்திருக்கார்.

நீ ஆள் பேச வேண்டாம். டிக்கெட்டும் போடச் சொல்லாதே. பிள்ளை பிறந்தா தாக்கல் மட்டும் சொல்லி விடு, சந்தோசப்படுவேன். இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல.

குழாயில தண்ணி வந்துட்டுது, வெளிய சத்தம் போடுறாளுக. நான் போறேன்.

பூமாரி