தொட்டிச் சாவியும் உன் அம்மாவும்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம், மழை ஒன்றுதான் இந்த வருஷமும் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. பிரசவத்துக்கு அம்மா வரவில்லை என்றதும் நீ அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன் அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் விடும் நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள். போனில் பேசினால் நீயும் நானும் மாற்றி மாற்றிக் கோபப்படுவோம், அதனால்தான் எழுதுகிறேன். கால் நீட்டி உட்கார்ந்து நிதானமாகப் படி.

நம் வீட்டுக்கு எதிரே, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, நிவாரண அமைப்புக்காரர்கள் ஒரு பெரிய கறுப்புத் தொட்டி வைத்தார்கள் என்று சொன்னேன் இல்லையா. லாரி வந்து அதை நிரப்பும், குழாய்க்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி ஒரு பெண்ணிடம்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் லாரி வராது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஊர் ஆண்கள் கூடி யோசித்தார்கள். என் அண்ணன், உன் பெரியப்பா, தலையைச் சொறிந்துவிட்டு, "தம்பி பொண்டாட்டிகிட்ட குடுங்க, வாயில்லாப்பூச்சி, அவகிட்ட இருந்தா நம்மகிட்ட இருக்கிற மாதிரிதான்" என்றார். எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. உன் அம்மா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு பெண்கள் எல்லோரும் தொட்டியடியில் உட்கார்ந்து பேசி, குடிக்கவும் சமைக்கவும் முதலில், ஆடு மாட்டுக்கு அடுத்து, செடி கொடிக்குச் சொட்டும் கிடையாது என்று முடிவு செய்தார்கள்.

உன் பெரியப்பாவின் எலுமிச்சைத் தோட்டம் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு கன்றையும் அவர் கையால் வைத்தது, பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது. ஒரு நாள் வண்டியில் டிரம்மை ஏற்றிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். உன் அம்மா அடுத்த குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் காத்திருந்தார். அவள் அதற்கடுத்த குடத்துக்குப் பிடித்தாள். "ஏம்மா, நான் வேத்தாளா?" என்று கேட்டார். அவள் குழாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வாயில்லாதவளிடம் எப்படிச் சண்டை போடுவது. ஜன்னலருகே தையல் மிஷினில் இருந்த என்னைப் பார்த்து, "உன் பொண்டாட்டிகிட்ட நீயாவது சொல்லுடா" என்றார். "சாவி அவகிட்டதானே இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு வார்த்தை கிடையாது. ஒன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ டிக்கெட் அனுப்பிய அன்றே உன் அம்மா பையைக் கட்டிவிட்டாள். பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி தைக்கச் சொல்லி என் உயிரை வாங்கினாள். அவள் இல்லாதபோது சாவி, பெண்கள் கூடி அடுத்த பொறுப்புக்குப் போட்டிருக்கும் உன் பெரியப்பா மருமகளுக்குப் போகும். அந்தப் பெண் விடியற்காலையில் வந்து, "சின்னத்தை, எங்கிட்ட வந்த சாவி மாமா கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நான் அந்த வீட்டுலதானே சாப்பிடணும்" என்று அழுதாள். வேறு ஒருத்தியைப் போடலாமே என்று நீ கேட்பாய். கேட்டுப் பார்த்தோம், யார் வீட்டில்தான் மாமனாரோ புருஷனோ இல்லை. சாவி ஆண் கைக்குப் போய்த் தொட்டித் தண்ணீர் தோட்டத்துக்குப் பாய்ந்தது அமைப்புக்காரர்களுக்குத் தெரிந்தால் லாரியே நின்றுவிடும். அப்புறம் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடக்க வேண்டும், அங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை. உன் அம்மா இரண்டு நாள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் இல்லாட்டியும் அங்க புள்ள பொறக்கும். நான் இல்லாட்டி இங்க தண்ணி இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே கண்ணு.

அதனால் நான் வருகிறேன். சிரிக்காதே. "நீங்க போங்க" என்றாள், நான் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. வறட்சியில் புதுத்துணி தைப்பவர் யாரும் இல்லை, மிஷினுக்கு உறை போட்டாகிவிட்டது. அவள் தொட்டியடிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சமையல் என் கையில்தான், குழம்பு இப்போது குழம்பு மாதிரியே இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டவும் பழகிவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் தன் பிள்ளையைக் கொடுத்து உதவினார். பழக்கத்துக்கு வீணாக்கத் தண்ணீர் ஏது, அதனால் காலி வாளி, காலிச் சொம்பு. கழுத்தை எப்படித் தாங்குவது, சூட்டை முழங்கையால் எப்படிப் பார்ப்பது என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வரிசையை விட்டுவிட்டு வந்து ஜன்னலில் நின்று சிரித்தார்கள். தண்ணீர் இல்லாமல் நன்றாகவே குளிப்பாட்டுகிறேன், அங்கே வந்து நிஜத் தண்ணீரில்தான் எப்படி என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட்டை என் பேருக்கு மாற்றிவிடு. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்காதே. அம்மாவின் பையைத்தான் கொண்டுவருகிறேன், அதில் என் சட்டைகள் இரண்டை மட்டும் செருகியிருக்கிறேன். தாயும் பிள்ளையும் குறை இல்லாமல் இரண்டு உடம்பாகப் பிரிந்து, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்கு வரப்போகும் சமையல்காரர்,
அப்பா

கீழே உன் அம்மா ஏதோ எழுத வேண்டுமாம். நான் பார்க்கக் கூடாதாம்.

கண்ணு, அப்பா காரம் கூடப் போடுவார். சொன்னால் இப்போதெல்லாம் கேட்கிறார், வாய் திறந்து சொல்லு. உனக்கு வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இல்லாததை நீ மறக்க மாட்டாய், நானும் மறக்க மாட்டேன். மழை பெய்யட்டும். அன்றைக்கே சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவேன்.